ஜெபத்தில் கேட்ட நான்கு பாடங்கள்

போன வாரம் நம்முடைய பழைய பத்தாம் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் ஒருத்தி, தன் பேத்தி பிளஸ் ஒன்னில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டாள். "எந்த டிகிரிக்கும் வழி அடையப்பிடாது, அப்படி ஒண்ணு சொல்லுங்க" என்று கூடவே ஒரு வரி. அவ்வளவுதான். அதுவரை முட்டிவலிக்குத் தைலம் சொல்லிக்கொண்டிருந்த நாமெல்லாம் ஒரே நொடியில் கல்வி நிபுணர்கள் ஆகிவிட்டோம். கம்ப்யூட்டர் என்றார் ஒருவர். காமர்ஸ்தான் என்றார் இன்னொருவர். பேத்தியிடம் யாராவது கேட்டீர்களா என்று நான் எழுதினேன். அதற்கு ஒரு பூங்கொத்தும் கூப்பிய கைகளும்தான் பதிலாக வந்தன.

அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய பாடங்களை முடிவு செய்ததும் கூப்பிய கைகள்தான். நீங்கள் எல்லாரும் பிரீடிகிரிக்குப் போனபோது நான் மட்டும் கேரள எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் பஸ் ஏறிப் போனேன். ஏன் போனேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த விடுமுறை. எங்கள் வீடு பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில், தென்னந்தோப்புக்குள். அந்த மாதம் முழுக்க வீட்டில் பலாப்பழ வெட்டு, வரிக்கைச் சக்கை மணம்தான். விரலிடுக்கில் பிசின், சேலை முந்தானையில் பிசின், கதவுத் தாழ்ப்பாளில்கூட பிசின். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது அந்த வாசனை எழும்பும். எனக்கு முதல் வகுப்பு. அந்தச் சந்தோஷம் வீட்டில் இரண்டே நாள்தான் இருந்தது.

அன்றைய நிலைமையை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் பக்கம் பத்து முடித்தால் காலேஜில் இரண்டு வருஷம் பிரீடிகிரி. பர்ஸ்ட் குரூப் எடுத்தால் கணக்கு உண்டு, உயிரியல் கிடையாது. செகண்ட் குரூப் எடுத்தால் உயிரியல் உண்டு, கணக்கு கிடையாது. முதலாவது எஞ்சினியர் ஆகிறவர்களுக்கு, இரண்டாவது டாக்டர் ஆகிறவர்களுக்கு. மீசை முளைக்காத பிள்ளையும் பாவாடை கட்டிய பிள்ளையும் அந்த வாசலில் நின்று ஒரு பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் மற்ற பக்கம் அதோடு தீர்ந்தது.

அப்பா நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் குமாஸ்தா. ஒருநாள் கால்வாய் எஞ்சினியர் ஒருவர் சாட்சி சொல்ல ஜீப்பில் வந்து இறங்கினாராம். கோர்ட்டு வராந்தாவே எழுந்து நின்றதாம். அன்றிலிருந்து நான் எஞ்சினியர். அம்மாவின் கணக்கு அதற்கும் பழையது. நான் பிறந்தபோது தாயும் பிள்ளையும் பிழைப்பது சந்தேகம் என்றிருக்க, மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பிழைக்க வைத்தாராம். பிள்ளையை டாக்டராக்குவதாகப் பிரசவக் கட்டிலிலேயே அம்மா பொருத்தனை செய்துவிட்டாள். அதனால் நான் பிறவியிலேயே டாக்டர்.

இனி வருவதுதான் எங்கள் வீட்டு விசேஷம். அப்பா சபைச் செயலாளர். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் போதகர் வீடு. வீட்டில் ஒரு சத்தம் கூடினால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எப்படி முகத்தைக் காட்டுவது? ஆகவே அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவதே இல்லை. ஜெபம் பண்ணுவார்கள்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். பாய் விரித்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, அப்புறம் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். முதலில் அம்மா.

"எங்க பரம பிதாவே, எனக்க மவள நோயாளிகளுக்கு ஆறுதலா வையும். சிலபேருக்குக் கணக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, சாமி. அவங்களுக்கும் நல்ல புத்தி குடும்."

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தொண்டையைச் செருமுவார்.

"கர்த்தாவே, ரத்தத்தைக் கண்டா தலைசுத்தி விழுற பிள்ளைக்கு டாக்டர் உத்தியோகம் எதுக்குன்னு உமக்கே தெரியும். தெரியாதவங்களுக்குத் தெரியப்படுத்தும்."

நான் ரத்தத்தைக் கண்டு ஒரு தடவைதான் விழுந்திருக்கிறேன். அதுவும் காலையில் சாப்பிடாத அன்று. ஆனால் மறுக்க முடியாது. ஜெபத்துக்கு நடுவே யாரும் வாய் திறக்கக் கூடாது. அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. யார் ஜெபித்தாலும் கடைசியில் எல்லோரும் ஆமென் சொல்லியாக வேண்டும். எனவே அம்மா கேட்டதற்கு அப்பாவும், அப்பா கேட்டதற்கு அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்வார்கள். நான் இரண்டுக்கும் சொல்வேன். வேதத்தில் பேழையும் ஆலயமும் அளந்து கட்டியவர்களை எல்லாம் அப்பா சாட்சிக்குக் கூப்பிட்டார். சுகமாக்கியவர்களை எல்லாம் அம்மா கூப்பிட்டாள். சோறு ஆறிப்போகும்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. அதுதான் என் பிரச்சினையே. கணக்கு எனக்குக் கற்கண்டு. மதியம் எல்லோரும் தூங்கும்போது பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு முக்கோணங்களோடு மல்லுக்கட்டுவேன். அதே அளவுக்குப் பிடித்த இன்னொரு இடம், பூவாரிலிருந்து வரும் மீன்காரி கூடையை இறக்கியதும் அம்மா மீன் வெட்ட உட்காரும் கிணற்றடி. சாளையின் வயிற்றில் முட்டை இருந்தால் எடுத்து எண்ணப் பார்ப்பேன். கோரா மீனின் தலையைப் பிளந்தால் உள்ளே இரண்டு வெள்ளைக் கல் இருக்கும். கழுவிக் காயவைத்தால் பாலாடை நிறம், ஓரத்தில் மெல்லிய கோடுகள். அவற்றை ஒரு பழைய பவுடர் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். குலுக்கினால் கலகலவென்று கேட்கும். எவ்வளவு கழுவியும் பவுடர் மணமும் மீன் மணமும் கலந்தே அடிக்கும்.

"போன வருசம் சாளை குவிஞ்சு கெடந்துது. இந்த வருசம் ஏன் அம்மா இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கடலுக்க கணக்கு. நமக்கு எப்பிடித் தெரியும்? நீ செதிலத் தள்ளு."

கடலுக்கு ஒரு கணக்கு உண்டு என்ற அந்தச் சொல் எனக்குள் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு அது வெறும் பேச்சு. அடுத்த வாரமே என் டின் காணாமல் போனது. தேடிக் களைத்துக் கேட்டால், "டாக்டராகப் போற பிள்ளைக்கு மீன்நாத்தம் பிடிச்ச கல்லு என்னத்துக்கு? தெங்குமூட்டில தட்டியாச்சு" என்றாள். மீன் கழிவெல்லாம் புதைக்கும் தென்னை மரத்தடி அது. கல்லும் போயிற்று, டின் பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. அன்று அழுததுபோல் நான் அதற்கு முன் அழுததே இல்லை. அந்த டின்னை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த நேரத்தில்தான் மாமி மகள் வந்தாள். மாமி என்றால் அப்பாவின் தங்கை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், பிளஸ் ஒன் முடித்திருந்தாள். தாவணியும் இரட்டைப் பின்னலுமாக, லீவில் படிக்கவென்று பெரிய பையோடு வந்தாள். பையைக் கவிழ்த்தபோது பாயில் விழுந்தவற்றைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். ஒரு தடித்த கணக்குப் புத்தகம். அதன் மேல் தவளையின் குடலை வர்ணம் தீட்டி வரைந்த பயாலஜி ரெக்கார்டு.

"அக்கா, ரெண்டும் உங்களுக்கா?"

"பின்ன ஆருக்கு? எங்க பக்கம் நாலும் உண்டு. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி."

"அப்பம் எதுக்குப் போணும்னு…"

"ரெண்டு வருசம் கழிஞ்சு சொன்னாப் போரும். டாக்டருக்கும் எழுதலாம், எஞ்சினியருக்கும் எழுதலாம், வேற எதுக்கும் போலாம். நாலையும் படிச்சு மண்டை காயும். அது வேற."

பஸ்ஸில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும் ஊர். அங்கே இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது, இங்கே எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பக்கம் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா பேச்சை எடுத்தாள். அப்பா கையை உதறினார்.

"அது சரிப்படாது மக்கா. அங்க படிச்சா இவ தமிழ்நாட்டுக்காரி ஆயிருவா. பிறகு இங்க காலேஜில சீட்டு கேட்டா, அங்க போய்க் கேளும்பான். அங்க கேட்டா, நீ கேரளத்துக்காரியாக்கும்பான். ரெண்டு இடமும் இல்லாம பிள்ளை நடுவில நிக்கணும்."

அம்மா உடனே சொன்னாள். "நீங்க சொல்லுகது சரியாக்கும். அந்த எல்லைச் செக்போஸ்டு லாரிக்க இடையில பொம்பிளப்பிள்ளை தெனமும் போயிட்டு வரவாண்டாம்."

அந்த விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதுவும் எனக்கு எதிராக. திங்கட்கிழமை காலேஜில் சேர்க்கை, அதற்குள் பர்ஸ்டா செகண்டா என்று கர்த்தர் காட்டுவார் என்று இருவரும் முடித்துவிட்டார்கள். கர்த்தருக்கு அவர்கள் கொடுத்தது இரண்டே வழி. மூன்றாவது ஒன்று இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அக்கா விடுகிறவள் இல்லை. மாமியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு என்னைத் தன் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். செக்போஸ்டில் வைக்கோல் லாரிகள் வரிசையாக நின்றன. நான் அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் எங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலைமையாசிரியை என் மார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாலு பாடமும் சுமக்கத் தெம்பு உண்டா?"

"உண்டு டீச்சர்."

"திங்கக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வா. இடம் வச்சிருக்கேன். அதுக்குப் பிறகு வந்தா என்னைக் குறை சொல்லப்பிடாது."

கேரளத்தில் சீட்டு கிடைக்காமல் போகுமா என்று கேட்டேன். அதை உங்கள் தாலுகா ஆபீசில்தான் கேட்க வேண்டும் என்றார். தாலுகா ஆபீஸ் நெய்யாற்றின்கரையில், அப்பா வேலை பார்க்கும் கோர்ட்டுக்கு எதிரே.

வெள்ளிக்கிழமை போனோம். துணிக்கடைக்கு என்று பொய். அப்பா டீ குடிக்க வெளியே வந்தால் தீர்ந்தோம். அக்கா தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டாள், அதனாலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த கிளார்க் நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு மலையாளத்தில் சொன்னார். "இவிடெ ஜனிச்சு, பத்து வரெ இவிடெ படிச்சு. பின்னெ எந்தா பிரஸ்னம்?" இங்கே பிறந்து இங்கே படித்தவள் இங்கத்தவள்தான், அதற்குத் தாசில்தார் சான்று தருவார், எங்கே பிளஸ் டூ படித்தாலும் இங்கே சீட்டு கேட்கலாம் என்று விளக்கினார். பிறகு ஆருடைய குட்டி என்று கேட்டார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "கொல்லயில் ஊரில ஒரு ஆளுண்டு" என்று மழுப்பியபடியே வெளியேறினாள். வழியெல்லாம் சிரித்தோம். ஆனால் வீடு நெருங்க நெருங்க என் சிரிப்பு நின்றுபோனது. விஷயம் கைக்கு வந்துவிட்டது, அதை எப்படிச் சொல்வது? நேரில் வாய் திறந்தால் முதல் வாக்கியத்திலேயே அப்பா நிறுத்திவிடுவார்.

நிறுத்த முடியாத இடம் ஒன்று உண்டு என்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. அந்த வருஷம் எனக்கு, சபையில் முழு அங்கமாக ஏற்கும் திடப்படுத்தல் சடங்கு நடந்திருந்தது. வெள்ளைச் சேலை கட்டி, பேராயர் தலையில் கை வைத்து, முதல் ராப்போஜன அப்பமும் ரசமும் வாங்கியாகிவிட்டது. அதுவரை ஒரு வசனம் சொல்லிவிட்டு உட்காரும் பிள்ளையாக இருந்த எனக்கும் குடும்ப ஜெபத்தில் தனியாக ஜெபிக்கும் முறை வந்திருந்தது. நான் அதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவேன். அன்று மட்டும் முடிக்கவில்லை.

அம்மா செகண்ட் குரூப்புக்கு ஜெபித்தாள். அப்பா பர்ஸ்ட் குரூப்புக்கு ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளங்கை வியர்த்துச் சக்கைப் பிசின் மணத்தது.

"பரலோக பிதாவே, அம்மாவுக்க ஜெபத்தையும் கேட்டீரு, அப்பாவுக்க ஜெபத்தையும் கேட்டீரு. ரெண்டு பேரும் எனக்க நல்லதுக்காக்கும் கேக்குதாங்க. ஒண்ணைத் தள்ள உமக்கும் மனசு வராது, எனக்கும் வரல்ல. நான் என்னவாகணும்னு எனக்கு இப்பம் தெரியல்ல. தெரியுததுக்கு முன்ன ஒண்ணையும் விட்டுக்குடுக்க மனசில்ல. எனக்குக் கணக்கும் வேணும், பயாலஜியும் வேணும், நாலும் வேணும். ரெண்டு வருசம் தாரும்."

பாய் அசைந்தது. நான் நிறுத்தவில்லை.

"அப்பா பயப்படுகது நியாயமாக்கும். அதனால வெள்ளிக்கிழமை நானும் அக்காவும் தாலுகா ஆபீசுல கேட்டோம். பொய் சொல்லிப் போனதுக்கு மன்னியும். இங்க பெறந்து இங்க பத்து படிச்சவளுக்கு இங்க சீட்டு உண்டுன்னு சொல்லிட்டாங்க. கோர்ட்டுக்கு எதிர்லதான், சாமி. அப்பாவும் போய்க் கேக்கட்டு. செக்போஸ்டுல அக்கா கூட வருவா, அம்மாவுக்க பயத்தையும் மாத்தும். நாளைக்கு டீச்சர் இடம் வச்சிருக்காங்க. அப்பா எனக்க கூட வாறதுக்கு நல்ல மனசு குடும். ஆமென்."

"ஆமென்!" என்று அக்கா மதில் தாண்டிக் கேட்கும்படி சொன்னாள்.

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அப்பாவும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சட்டென்று மூடிக்கொண்டோம். பிறகு அம்மாவின் ஆமென் வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கடைசியில், கோர்ட்டில் தீர்ப்பு வாசித்த பிறகு எல்லோரும் எழுந்திருக்கும்போது கேட்கும் அந்தக் கனைப்போடு, அப்பாவும் சொன்னார்.

"ஆமென்." வேதபுத்தகத்தை மூடிக்கொண்டே, "இனி ஜெபத்துக்க இடையில தாலுகா ஆபீசைக் கொண்டு வராண்டாம், கேட்டியா" என்றார்.

திங்கட்கிழமை காலை முதல் ரயிலில் அப்பா தாலுகா ஆபீசுக்குப் போனார். உச்சிவேளைக்கு முன்பே பஸ்ஸில் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கெளம்பு மக்கா. நீ சொன்னது சரியாக்கும்." ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "ரெண்டு பெண்பிள்ளைங்க வந்து இதையே கேட்டாங்க, ஆருக்க பிள்ளைன்னு கேட்டதுக்குச் சொல்லாம ஓடிட்டாங்கன்னு கிளார்க்கு சிரிச்சாரு. எனக்க பிள்ளையாக்கும்னு சொன்னேன்."

அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் இருந்த கர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தோடுதான் அவர் என்னைக் களியக்காவிளைப் பள்ளியில் சேர்த்தார்.

மண்டை காய்ந்தது உண்மை. செக்போஸ்டு லாரிகளுக்கு நடுவே இரண்டு வருஷம் நான் ஜாலியாகப் போய்வந்ததும் உண்மை. முடிவில் இரண்டு நுழைவுத்தேர்வும் எழுதலாம் என்ற நிலையில் நின்றபோது, இரண்டுமே எனக்கு வேண்டாம் என்று தெரிந்தது. மீன்வளப் படிப்பு என்று ஒன்று இருந்தது. அதற்கு உயிரியல் வேண்டும், உள்ளே போனால் கணக்கும் வேண்டும். கடலில் எவ்வளவு மீன் உண்டு, எவ்வளவு பிடித்தால் அடுத்த வருஷமும் இருக்கும் என்று கணக்குப் போடுகிற வேலை. பணி ஓய்வு வரை அதைத்தான் செய்தேன், ஒருநாள்கூட அலுக்கவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் மீன் டாக்டர் என்று சொல்லிக்கொண்டாள். அப்பா கோர்ட்டில் மீன் எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டார். நான் இருவரையும் திருத்தவில்லை.

அந்தப் படிப்பின் இரண்டாம் வருஷம் லீவில் வந்தபோது, கிணற்றடியில் அம்மாவிடம் சொன்னேன். கோரா மீனின் தலைக்கல்லில் இருக்கும் கோடுகள் சும்மா இல்லை, மரத்தில் இருப்பதுபோல வருஷ வளையங்கள், அதை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம், அதை வைத்துத்தான் நாங்கள் கணக்கே ஆரம்பிக்கிறோம் என்று. அம்மா பாதி வெட்டிய மீனைச் சட்டியில் போட்டாள். எழுந்து, மம்பட்டியை எடுத்துக்கொண்டு தெங்குமூட்டுக்குப் போனாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வெயில் சாயும்வரை கிளறினாள், மண்ணைச் சல்லடையில் சலித்தாள். ஒரே ஒரு கல் கிடைத்தது, ஓரம் உடைந்து, மண் நிறம் ஏறி.

அன்று சாயங்காலம் அதைக் கழுவி வேதபுத்தகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அம்மா பாயில் உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுதான்.

"சாமி, இந்தக் கல்லுக்கு எத்தற வயசுன்னு எனக்க மவளுக்குத் தெரியும்."

முதலில் ஆமென் சொன்னது அப்பா.